மூன்றாம் வரிசையில் ஒரு வெள்ளைத் துணி

அந்தப் படத்தை முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. நாற்பத்திமூன்று பிள்ளைகள், ஒரு வாத்தியார், ஒருவர் முகத்திலும் மருந்துக்கும் சிரிப்பில்லை. தடித்த மட்டையில் ஒட்டிய, தேயிலைச் சாயம் ஏறிய பழைய வகுப்புப் படம். மதாமின் கட்டிலுக்கு நேரெதிரே சுவரில் தொங்கியது. காலையில் திரைச்சீலையை விலக்கப் போகும்போதெல்லாம் அத்தனை பேரும் என்னையே முறைத்தார்கள். எனக்குப் பிறவியிலேயே பொறுமை குறைவு. இந்த முகங்களில் விழித்தால் நாள் உருப்படாது என்று மூன்றாம் நாள் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். மதாம் காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை. மத்தியானம் திரும்ப மாட்டிவிட்டேன்.

மதாம் என்பவர் நான் பராமரிக்கப் போன முதிய பெண். எண்பத்தைந்து வயதைத் தாண்டியவர். கனடாவில், நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற இடத்தில் மூன்றாம் மாடி வீடு, லிப்ட் கிடையாது. முழங்கால் இரண்டும் பழுதாகி, அவர் படி இறங்கியே மூன்று வருடம் ஆகியிருந்தது. கண்ணும் பாதி போய்விட்டது. எழுத்துத் தெரியாது, முகம் தெரியாது, வெளிச்சமும் பளிச்சென்ற நிறமும் மட்டும் தெரியும். அவருடைய மகள் பக்கத்து நகரமான லவாலில் இருந்தார். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் வருவார். மனதுக்குள் அவருக்கு லவால்காரி என்று பெயர் வைத்திருந்தேன். வாயால் கூப்பிட்டது அவரையும் மதாம் என்றுதான்.

மன்னாரில் சண்டை திரும்பத் தொடங்கிய வருடம் நான் அந்த வீட்டுக்குப் போனேன். என்னுடையது வீட்டோடு தங்கிப் பராமரிக்கிறவர்களுக்குக் கொடுத்த விசா. மூன்று வருடத்துக்குள் இருபத்திநான்கு மாதம், வேலை செய்கிற வீட்டிலேயே படுத்து எழும்பி வேலை செய்து முடிக்க வேண்டும். முடித்தால் நிரந்தரமாக இருக்க விண்ணப்பிக்கலாம், பிள்ளையையும் சேர்த்து. இடையில் மதாம் இறந்தால், முதியோர் இல்லத்துக்குப் போனால், அல்லது லவால்காரி என்னைப் போகச் சொன்னால், வேறு வீடு தேட வேண்டும், புது அனுமதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் மூன்று வருடமும் கைநழுவிப் போகும்.

என் சின்னவள் மன்னாரில் என் அக்காவோடு இருந்தாள். ஆறு வயது. அவளுடைய இரண்டாவது வயதில் நான் குவைத்துக்கு வேலைக்குப் போனேன், அங்கிருந்து நேரே இங்கே. என்னை அவளுக்குத் தொலைபேசியில் மட்டும்தான் தெரியும். அவளுடைய அப்பா படகேறி இராமேஸ்வரம் போய் அங்கே இன்னொரு குடும்பத்துக்காரர் ஆகிவிட்டார். அவரைப் பற்றி இவ்வளவு எழுதியதே அதிகம்.

என் அறை சமையலறைக்குப் பின்னால். யன்னலைத் திறந்து கையை நீட்டினால் அடுத்த கட்டிடத்தின் செங்கல் சுவரைத் தொடலாம். அந்தச் சுவரில் ஒரு கல் மற்றக் கற்களைவிடக் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. இரண்டு வருடம் அதைப் பார்த்தே விழித்தேன். வாசல் கதவு பூட்டியிருக்கவில்லை. சாவி என் கழுத்தில்தான் கிடந்தது. அதுதான் எரிச்சலைக் கிளப்பும். பூட்டி வைத்திருந்தால் திட்டுவதற்கு ஓர் ஆளாவது இருந்திருக்கும். மதாமைத் தனியே விட்டுவிட்டுக் கீழே இருந்த தெப்பனர் என்கிற சின்ன மூலைக்கடைக்குப் பால் வாங்க ஓடி, ஓடியே திரும்பி வருவேன். பனிக்காலத்தில் வெளிப்படிகளில் ஐஸ் பிடித்துவிடும். நாங்கள் இரண்டு பேரும் உள்ளே, ஹீற்றர் டக்டக்கென்று அடித்துக்கொண்டிருக்கும்.

நானும் மதாமும் பேசியது இரண்டு பேரும் அரைகுறையாகக் கற்ற ஆங்கிலத்தில், இடையிடையே பிரெஞ்சுச் சொல் போட்டு. அதை அப்படியே எழுதினால் யாருக்கும் விளங்காது. என் வாயில் வருகிற தமிழிலேயே தருகிறேன். ஆகவே இங்கே மதாமும் மன்னார்க்காரி போலத்தான் கதைப்பார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலைச் சாப்பாடு முடிந்ததும் படத்தைக் கழற்றி அவர் மடியில் வைக்க வேண்டும். கண் தெரியாவிட்டாலும் விரலுக்கு இடம் தெரியும். கடைசி வரிசையில் இருந்து தொடங்கி ஒவ்வொரு பிள்ளையையும் தொட்டுப் பெயர் சொல்லுவார். இவன் சண்டையில் செத்தவன். இவள் தையல்காரி. இவன் எங்கட பாஷை கதைச்சவன். இவள் வீட்டிலையும் ஜெர்மன்தான்.

"நீங்கள் ஜெர்மன் ஆக்கள்தானே மதாம்?" என்று தொடக்கத்தில் கேட்டேன்.

"இல்லை. ஜெர்மனிக்குள்ளை இருந்தனாங்கள். ஆனா ஜெர்மன் இல்லை. சோர்பியர்."

ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில் சொந்த மொழியோடு இருந்த சின்ன இனமாம். இவருடைய கிராமத்தில் இவர் பிறந்தபோது எல்லா வீட்டிலும் அந்த மொழிதான். இப்போது அங்கே அதைப் பேச ஒருவர்கூட இல்லையாம். ஊர் இருக்கிறது, கோயில் இருக்கிறது, பெயர்ப்பலகைகூட இருக்கிறது, மொழி மட்டும் இல்லை. எனக்கு இந்த விளக்கம் புதிதில்லை. நீ எந்த நாடு என்று மெற்றோவில் யாரும் கேட்டால் நானும் ஸ்ரீலங்கா, ஆனால் என்று தொடங்கி இரண்டு தரிப்பிடம் தாண்டும்வரை விளக்கம் சொல்லிக் களைத்தவள்தான்.

மூன்றாம் வரிசையில், இடப்பக்கத்திலிருந்து ஐந்தாவதாக ஒரு பெண்பிள்ளை. ஒன்பது வயது இருக்கும். சில பிள்ளைகள் அந்த ஊர்ப் பாவாடை, சில பிள்ளைகள் கொலர் வைத்த சட்டை. இவள் மட்டும் தோளைச் சுற்றி வெள்ளைத் துணி, தலையிலும் புருவம்வரை இறக்கிக் கட்டிய வெள்ளைத் துணி. படம் எடுக்கும்போது மற்றப் பிள்ளைகள் எல்லாம் கொஞ்சம் அசைந்திருக்கிறார்கள், முகங்கள் லேசாகக் கலங்கியிருக்கும். இவள் அசையவே இல்லை. கண், வாய், துணியின் மடிப்பு எல்லாம் நேற்று எடுத்தது போல் இருக்கும். மதாமின் பழுதான கண்ணுக்கு அந்தப் படத்தில் தெரிந்ததும் அந்த வெள்ளை ஒன்றுதான். விரல் அங்கே வந்ததும் "இது நான்" என்பார். அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார்.

லவால்காரி எனக்குச் சொன்னது, அது அம்மாவின் முதல் நன்மை உடுப்பு, கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்கிய நாள் போட்டது என்று. நானும் நம்பினேன். நம்பாமல் என்ன? நான் மன்னாரில் வேதக்கார வீட்டில் பிறந்தவள். வெள்ளை உடுப்பும் தலையில் வெள்ளை முக்காடும் போட்ட ஒன்பது வயதுப் பிள்ளையைக் கண்டால் எங்களுக்கு வேறு எதுவும் தோன்றாது. என் முதல் நன்மைப் படமும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். கொஞ்சம் மூளையைப் பாவித்திருந்தால் பிடிபட்டிருக்கும். முதல் நன்மை என்றால் வகுப்பில் பாதியாவது வெள்ளையில் நின்றிருக்கும். அதைவிட, மதாம் லூதரன் சபைக்காரர், எங்களைப் போல் கத்தோலிக்கர் இல்லை. வீட்டில் ஒரு செபமாலைகூட இல்லை. இதெல்லாம் என் கண்முன்னேதான் இருந்தது.

மதாமுக்கு ஒரு மகனும் இருந்தார். மேற்கே, கல்கரியில், எண்ணெய்க் கம்பனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத் தொலைபேசி எடுப்பார். பத்தரைக்கே மதாம் தலை சீவி, பல்செட் போட்டு, தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார், மகன் தொலைபேசிக் கம்பிக்குள்ளால் பார்க்கப் போகிறார் போல. பேசி முடித்ததும் அன்று முழுக்க நல்ல குணம். அன்றுதான் நானும் என் கோபத்தை எல்லாம் ஆறவிடுவேன்.

என்னுடைய பதினேழாவது மாதம், நவம்பரில், அந்த மகன் செத்துப்போனார். மாரடைப்பு. லவால்காரி புதன்கிழமை வந்து என்னைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டுபோய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் சொன்னார். அம்மாவின் இதயம் தாங்காது என்று டொக்டர் சொன்னாராம். அம்மாவுக்குத் தெரியக் கூடாது. அண்ணன் வேலைக்காகக் கசகஸ்தான் போயிருக்கிறார், பாலைவனம், தொலைபேசி வசதி இல்லை, அவ்வளவுதான். கார்ட் வரும், நீ வாசித்துக் காட்டு.

"அம்மாவுக்குத் தெரியவந்தால் இல்லத்தில்தான் சேர்க்க வேண்டிவரும்" என்றார். "உனக்கும் அது நல்லதில்லைதானே."

அதை அவர் வெருட்டிச் சொல்லவில்லை. அழுதுகொண்டு சொன்னார். லவால்காரி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.

பிறகு கார்ட்டுகள் வரத் தொடங்கின. லவால்காரியே எழுதி உறையில் போட்டுக் கொண்டுவருவார். அம்மா, இங்கே காற்று முழுக்க மண். சாப்பாடு பரவாயில்லை. ஆட்டிறைச்சிதான் அதிகம். நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசிப்பேன். மதாம் கார்ட்டை வாங்கி விரலால் தடவிப் பார்ப்பார். திரும்ப வாசி என்பார். திரும்ப வாசிப்பேன். செத்த மனுசனின் வாயில் ஆட்டிறைச்சியை வைத்துவிட்டு இரவு எப்படி நித்திரை வரும்? வரவில்லை. விடிய அந்தத் துருத்திய கல்லைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

ஒரு ஞாயிறு காலை அக்காவுக்கு எடுத்தேன்.

"அக்கா, மகன் செத்ததைத் தாய்க்கு மறைக்கிறது பாவமில்லையோ?"

"பாவம்தான். அதுக்கு நீ என்ன செய்யிறது? சொல்லிப்போட்டு நடுறோட்டிலை நிக்கப் போறியோ? உன்ர மாசத்தை முடி. பேந்து சாமியாரிட்டைப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்."

"எனக்கும் இப்பிடி ஏதாவது மறைப்பியோ?"



"விசர்க்கதை கதையாதை."

"சின்னவளைக் கூப்பிடு."

"அவள் ரியூசனுக்குப் போட்டாள்."

"ஞாயிற்றுக்கிழமையோ?"

"ஓமடி, ஞாயிற்றுக்கிழமைதான். பேந்து எடு."

தொலைபேசி அட்டையில் நிமிடம் முடிந்து கட்டாகிவிட்டது. மன்னாரில் ஷெல் விழுகிறது என்று வானொலியில் கேட்ட வாரம் அது. மதாமை விட்டுவிட்டு இன்னொரு அட்டை வாங்க ஓடினேன். படியில் வழுக்கி விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டேன். ஒரு மணித்தியாலம் கழித்து நான் திரும்ப எடுத்தபோது சின்னவளே வந்து "அம்மா, ஏன் அழுறீங்கள்?" என்று கேட்டாள். ரியூசன் உண்மைதான். ஆனால் அந்த ஒரு மணித்தியாலம் என்னுடைய அக்காவை நான் நம்பவில்லை. பொய் வாசித்துப் பழகினவளுக்கு யாரும் உண்மை சொல்லுவார்கள் என்று எப்படி நம்பிக்கை வரும்?

ஜனவரி கடைசியில் மதாமின் பிறந்தநாள். லவால்காரி மூன்று மணிக்குக் கேக்கோடு வருவதாகவும், கணவரும் கீழ்வீட்டுக்காரர் இரண்டு பேரும் வருவதாகவும் ஏற்பாடு. நானும் ஏதாவது செய்ய வேண்டும் போல் இருந்தது. உண்மையைச் சொன்னால், செய்த பாவத்துக்கு ஈடாக ஏதாவது. அப்போதுதான் இந்த அருமையான யோசனை வந்தது. மதாமை அந்தப் படத்தில் இருப்பது போலவே உடுத்திவிட்டால் என்ன? கண்ணுக்கு வெள்ளை தெரியும். முதல் நன்மை நாள் ஞாபகம் வரும். சந்தோஷப்படுவார்.

வெள்ளைப் பருத்திப் பெட்சீற் ஒன்று வாங்கி, வெட்டி, ஓரம் அடித்து, கஞ்சி போட்டேன். மூன்று நாள் மதாம் நித்திரையாகும் நேரம் பூதக்கண்ணாடி வைத்து அந்தப் பிள்ளையின் துணியைப் படித்தேன். சேலை உடுத்துப் பழகின கண்ணுக்கு ஒரு துணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிடிபடும். இடத்தோளில் தொடங்கி, முதுகால் சுற்றி, நெஞ்சுக்குக் குறுக்கே வந்து இடுப்பில் செருகுகிறது. தலைத்துணி வேறு. அது புருவம்வரை இறங்கி, பின்னால் முடிந்து, இரண்டு நுனியும் முதுகில் விழுகிறது. எத்தனை மடிப்பு என்றுகூட எண்ணி வைத்திருந்தேன். இவ்வளவு அக்கறையாக நான் எந்த வேலையும் அந்த வீட்டில் செய்ததில்லை.

பிறந்தநாளன்று மத்தியானம் மதாமைக் குளிப்பாட்டிக் கட்டில் விளிம்பில் இருத்தினேன். திடீர்ச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று ஒன்றும் சொல்லவில்லை. வாயில் மூன்று பின்னைக் கடித்துக்கொண்டு முதல் துணியைத் தோளில் போட்டேன். சால்வை என்று நினைத்திருப்பார், கையைத் தூக்கித் தந்தார். குறுக்கே இழுத்து இடுப்பில் செருகினேன். பிறகு தலைத்துணியை எடுத்து நெற்றியில் வைத்துப் புருவம்வரை இறக்கினேன்.

மதாம் அப்படியே உறைந்துபோனார். மூச்சுக்கூட விட்டாரோ தெரியாது. குனிந்து மடியைப் பார்த்தார். அங்கே வெள்ளை. கையைப் பார்த்தார். அங்கேயும் வெள்ளை. என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஆர் செத்தது?"

என் வாயில் மூன்று பின்.

"மகனோ?"

தலையை ஆட்டி இல்லை என்றிருக்கலாம். இரண்டு மாதமாகப் பொய் வாசித்த எனக்கு அது ஒரு பெரிய காரியமா? தலை ஆடவில்லை. ஒவ்வொரு பின்னாக எடுத்துக் கட்டிலில் வைத்தேன். மூன்றாவதை வைத்தபோது அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"எப்ப?"

"நவம்பரிலை, மதாம்."

"அப்ப அந்தக் கார்ட்டுகள்?"

"உங்கட மகள் எழுதினது."

"வாசிச்சது நீ."

"ஓம்."

"நல்லா வாசிச்சாய்" என்றார்.

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.  பிறகு மதாம் கையை நீட்டிப் படத்தைக் கேட்டார். கழற்றி மடியில் வைத்தேன். அன்று பின்வரிசையில் தொடங்கவில்லை. நேரே மூன்றாம் வரிசைக்குப் போனார்.

"படம் எடுக்கிற ஆள் வந்த நாள்" என்றார். "எங்களை நிரைக்கு நிப்பாட்டியிட்டாங்கள். என்ர மாமி வளவுக்குள்ளாலை நடந்து வந்தவ, கக்கத்திலை வெள்ளைத் துணி. அந்த வாத்தியார் பள்ளிக்கூட வளவுக்குள்ளை எங்கட பாஷை கதைக்க விடமாட்டார். மாமிக்கு வேறை பாஷை தெரியாது. ஒண்டும் கதைக்காமல் துணியை எனக்குக் கட்டிவிட்டா. கட்டிப்போட்டுப் போயிட்டா. எங்கட ஊரிலை வெள்ளை, செத்தவீட்டுக்கு. எனக்கு விளங்கியிட்டுது, அம்மா விடியப் போயிட்டா எண்டு. படக்காரன் சொன்னான், ஒருத்தரும் அசையக் கூடாது."

எங்களூரிலும் விதவைக்கு வெள்ளைதான். அயலில் எத்தனை சைவ வீடுகளில் பார்த்திருப்பேன். அந்தப் பக்கம் என் புத்தி ஒருநாளும் போகவில்லை.

"உங்கட மகள் முதல் நன்மை எண்டல்லோ சொன்னவ?"

"சின்னனிலை அவளாக் கண்டுபிடிச்சது. விட்டிட்டன். சின்னப் பிள்ளைக்கு ஏன் செத்தவீட்டுக் கதை?"

இப்போது எழுதப்போவதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கம். மகனைப் பறிகொடுத்த செய்தி கேட்டுப் பத்து நிமிடம் ஆகாத ஒரு தாய்க்கு முன்னால் நான் முழங்காலில் இருந்து என் மாதக் கணக்கைச் சொன்னேன். இன்னும் அஞ்சு மாசம் கிடக்கு மதாம். என்ர பிள்ளை மன்னாரிலை. உங்கட மகள் என்னை அனுப்பிப்போடுவா. உங்களை இல்லத்திலை விட்டிடுவா. சொல்லிக்கொண்டே போனேன். என் வாயை நானே பொத்தியிருக்க வேண்டும்.

மதாம் கேட்டுக்கொண்டிருந்தார். கனடாவுக்குக் கப்பலில் வந்த புதிதில் அவரும் ஒரு பெரிய வீட்டில், சமையலறைக்குப் பின்னால் இருந்த அறையில் தங்கி வேலை செய்தவர். அந்தக் கதையை முன்பே ஒருமுறை சொல்லியிருந்தார், நான்தான் அரைக்காதில் கேட்டிருந்தேன்.

"அஞ்சு மாசமோ" என்றார். பிறகு இடத்தோளைத் தொட்டுக் காட்டினார். "இந்த மடிப்புப் பிழை. உள்பக்கமா மடிக்கோணும். சரியாக் கட்டு."

அவிழ்த்துச் சரியாகக் கட்டினேன்.

மூன்று மணிக்கு லவால்காரி கேக்கோடு வந்து அறை வாசலிலேயே நின்றுவிட்டார். "அம்மா! உங்கட முதல் நன்மை உடுப்பு!" என்று கைதட்டினார். கண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. என்னைக் கட்டிப்பிடித்தார். கணவர் படம் எடுத்தார். அந்தப் படத்தில் மதாம் அசையாமல் இருக்கிறார்.

மெழுகுதிரி அணைத்த பிறகு மதாம் மகளைப் பார்த்துக் கேட்டார்:

"அண்ணையிட்டை இருந்து கார்ட் வந்ததோ?"

லவால்காரி கைப்பையிலிருந்து உறையை எடுத்து என்னிடம் தந்தார். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதாமும் பார்த்துக்கொண்டிருந்தார், அந்தக் கண்ணால். அம்மா, பிறந்தநாள் வாழ்த்து. இங்கே இன்னும் கடும் குளிர்தான். வாசித்தேன். "திரும்ப வாசி" என்றார் மதாம். திரும்ப வாசித்தேன்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம். முதல் பத்தொன்பது மாதம் நான் தனியாக அடைபட்டுக் கிடந்தேன், இப்போது அவரும் கூட. அவரை அடைத்து வைத்தது நான். மதாம் அந்த வெள்ளைத் துணியைத் தினமும் தோளில் போட்டுக்கொண்டார். லவால்காரி கேட்டால் குளிர் என்பார். வெயில் வந்த பிறகும் குளிர் என்பார். அம்மாவுக்கு உன் பரிசு எவ்வளவு பிடித்திருக்கிறது பார் என்று லவால்காரி எனக்குச் சொல்வார். எல்லாருடைய கண்ணுக்கு முன்னாலும் அந்த மனுசி மகனுக்குத் துக்கம் காத்தார், என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியவில்லை. ஞாயிறு பதினொரு மணிக்குப் பழையபடி தலை சீவித் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருப்பார். அது அடிக்காது. பன்னிரண்டுக்கு எழும்பச் சொல்லிக் கையை நீட்டுவார்.

அழவில்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை. ஒருநாள் எனக்கே தாங்கவில்லை.

"அழுங்கோ மதாம். நான் அறைக்குள்ளை போறன்."

"அழுதால் கண் வீங்கும். நாளைக்குப் புதன்."

ஏப்ரலில் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். லவால்காரி முதியோர் இல்லத்தின் புத்தகங்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். மூன்றாம் நாள் காலை மதாம் என்னைக் கூப்பிட்டு, "எத்தனை மிச்சம்?" என்றார். ஒன்பது கிழமை என்றேன். "சூப்பைக் கொண்டா" என்றார். ஒவ்வொரு கரண்டியாக விழுங்கினார். விழுங்க அவருக்கு விருப்பமில்லை என்று தொண்டையைப் பார்த்தாலே தெரிந்தது. நான் ஊட்டிக்கொண்டேதான் இருந்தேன். எனக்கு அந்த ஒன்பது கிழமை வேண்டியிருந்தது.

ஜூன் கடைசியில் இருபத்திநான்காவது மாதம் முடிந்தது. லவால்காரி நான் வேலை செய்த காலத்துக்கான அத்தாட்சிக் கடிதத்தில் கையெழுத்து வைத்துத் தந்தார். படிவங்களை உறையில் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன். அந்த ஊரில் எல்லோரும் வீடு மாறுகிற காலம் அது. தெரு முழுக்க மெத்தையும் கதிரையும் லொறியும். மூன்று மாடியும் ஏறி மூச்சு வாங்க மதாமின் அறைக்குள் போனேன்.

"அனுப்பியாச்சோ?"

"ஓம் மதாம். அனுப்பியிட்டன்."

"இனி ஒருத்தரும் நிப்பாட்டேலாதோ?"

"ஏலாது."

"அப்ப இனி அசையலாம்" என்றார்.

தொலைபேசியைக் கொண்டுவரச் சொன்னார். லவால் இலக்கத்தை நான் அழுத்திக் கொடுத்தேன். மகள் எடுத்ததும், "உன்ர அண்ணை எப்பிடிச் செத்தவன் எண்டு சொல்லு" என்றார். அந்தப் பக்கம் ஏதோ கத்திக் கேட்டது. யார் சொன்னது என்று கேட்டிருப்பார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்கு வெள்ளை போட்டாச்சு."

மகள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தொலைபேசியை என் கையில் தந்துவிட்டு வாயைத் திறந்தார். மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். கீழ்வீட்டுக்காரர் ஓடிவந்து கதவைத் தட்டினார். அந்த அழுகைக்குள் சொற்களும் வந்தன, அந்தப் படத்துப் பிள்ளைகளின் சொற்கள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கட்டிலில் ஏறி அவருக்குப் பக்கத்தில் இருந்து அவரைப் பிடித்துக்கொண்டேன். ஐந்து மாதமாக அந்த அழுகை அவருக்குள்ளேயே கிடந்தது. கிடக்க வைத்தவள் நான். என் சின்னவள் இன்றைக்கு என்னோடு இருக்கிறாள் என்றால் அதனால்தான்.